எதிரே ஓர் ஆள் வேண்டும்

8 டிசம்பர் 2022, வியாழன்

நாளை 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வெளியாகிறது. 2017 தீபாவளிக்கு வந்த 'மெர்சல்' படத்துக்குப் பிறகு வடிவேலுவைப் பெரிய திரையில் பார்க்கவே இல்லை. 'இம்சை அரசன் 24ஆம் புலிகேசி' பாதியில் நின்றது, பஞ்சாயத்து தயாரிப்பாளர் சங்கம் வரை போனது, நடிக்கக் கூடாது என்று ரெட் கார்டு விழுந்தது, போன வருடம் ஆகஸ்டில் ஒருவழியாகத் தீர்ந்தது. யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. ஒரு கலைஞன் உடம்பில் தெம்பு இருக்கிற ஐந்து வருடங்களை வீட்டில் உட்கார்ந்து கழித்தான் என்பது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அந்த ஐந்து வருடங்களிலும் அவர் ஒருநாள்கூட நம்மை விட்டுப் போகவில்லை. ஆதித்யா டிவியைத் திருப்பினால் அவர், சிரிப்பொலியைத் திருப்பினால் அவர். அரசியலில் எது நடந்தாலும் அரைமணி நேரத்தில் அவர் முகத்தோடு ஒரு மீம் வந்துவிடும். 2019 மே மாதக் கடைசியில், சுத்தியலுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று எங்கோ ஒருவர் கேட்கப்போக, 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்த சுத்தியலை நம் ஆட்கள் ஞாபகப்படுத்த, உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்தது. படம் வந்தது 2001இல். பதினெட்டு வருடம் கழித்தும் அந்த அடி வலிக்கிறது!

அவர் வாயிலிருந்து வந்ததை எடுத்து மற்றவர்கள் படத்துக்குப் பெயர் வைத்தார்கள். 'ஜில் ஜங் ஜக்', 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்', 'நானும் ரௌடிதான்'. கடைசியில் 'நாய் சேகர்' என்ற பெயரே அவருக்குக் கிடைக்கவில்லை. சதீஷ் நடித்து இந்த ஜனவரியில் வந்த படத்துக்கு அது முன்பே போய்விட்டது. அதனால்தான் இது 'ரிட்டர்ன்ஸ்'. பெயரில் தோற்றாலும் படத்தில் ஜெயிக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா மகன் இங்கே கல்லூரி விடுதியில் இருக்கிறான். அவனையும் அழைத்துப் போகிறேன். அவனுக்கு நேசமணி மீம்தான் முதலில் தெரியும், படம் அப்புறம்தான்.

9 டிசம்பர், வெள்ளி

மாண்டஸ் புயல் இன்று ராத்திரி மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடக்கும் என்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் விடுமுறை. காலையிலிருந்தே காற்று. அந்த மழையிலும் காலைக் காட்சிக்குக் கூட்டம் வந்திருந்தது. நனைந்த சட்டையோடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கல்யாணத்துக்கு வந்த மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக வந்திருந்தார்கள்.

அவர் முகம் திரையில் வந்ததும் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

பிறகு மெல்ல மெல்ல அரங்கம் அடங்கியது.

கதை இதுதான். குழந்தை இல்லாத வீட்டுக்கு ஒரு நாய் வருகிறது, அதனோடு அதிர்ஷ்டமும் வருகிறது. வேலைக்காரன் அந்த நாயைத் திருடிக்கொண்டு போய் ஹைதராபாத்தில் பெரும் பணக்காரன் ஆகிறான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்து, பணக்காரர் வீட்டு நாய்களைக் கடத்திப் பிழைக்கிற சேகர், தன் வீட்டு நாயை மீட்கப் புறப்படுகிறான். இதை வைத்துக்கொண்டு நன்றாகச் சிரிக்க வைக்க முடியும். வடிவேலுவும் எதையும் குறைத்துச் செய்யவில்லை. ஓடுகிறார், ஆடுகிறார், பாடுகிறார். பிரபுதேவா அமைத்த ஆட்டத்தில் 'அப்பத்தா' பாட்டுக்கு அவர் உடம்பை வளைப்பதைப் பார்த்தால் அறுபதைக் கடந்தவர் என்று சொல்லவே முடியாது. ஆனால் வசனம் முடிந்து ஒரு நொடி விடுகிறாரே, நாம் சிரிப்பதற்காக, அந்த நொடி ஒவ்வொரு முறையும் காலியாகவே போனது. ஒரு கட்டத்துக்கு மேல் சனம் அவருக்காகச் சிரித்தது. பாவம், இவ்வளவு நாள் கழித்து வந்திருக்கிறார் என்று சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்பது மௌனத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

இடைவேளையில் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. புயலைப் பற்றிப் பேசினார்கள்.

10 டிசம்பர், சனி

ராத்திரி முழுக்கக் காற்று. தெருவில் இரண்டு மரம் சாய்ந்து கிடக்கிறது. காலையில் கரண்ட் இல்லை. வந்ததும் உட்கார்ந்து 'தலைநகரம்' படத்தை எடுத்துப் பார்த்தேன். 2006. இயக்கியவர் 'ரிட்டர்ன்ஸ்' எடுத்த அதே சுராஜ். அதே சேகர். பிறகு என்ன குறைந்தது?

பழைய நாய் சேகருக்கு ஒரே ஓர் ஆசை. தன்னை ரவுடி என்று உலகம் ஒத்துக்கொள்ள வேண்டும். போலீஸ் கைது செய்வதை அவன் பதவி உயர்வாக நினைக்கிறான். ஜீப்பில் ஏறிக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறேன் என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கிறான். அந்தக் காட்சியில் போலீஸ்காரர் போலீஸ்காரராக மட்டுமே இருக்கிறார். அவர் தமாஷ் செய்வதில்லை. தெருவில் போகிறவர்கள் தெருவில் போகிறவர்களாகவே இருக்கிறார்கள். உலகம் அப்படியே கல்லாக நிற்கிறது, அதில் இந்த ஒரு மனுஷன் மட்டும் போய் முட்டிக்கொள்கிறான். அந்த முட்டல்தான் வடிவேலு.

'வின்னர்' படத்தையும் போட்டேன். கைப்புள்ள தரையில் கோடு கிழித்து, இதைத் தாண்டி நீயும் வராதே, நானும் வரமாட்டேன் என்று கட்டதுரையிடம் ஒப்பந்தம் பேசும் இடம். கட்டதுரையாக ரியாஸ் கான். ஒரு புன்னகைகூடக் கிடையாது. நிஜ வில்லன். அந்த ஆள் நிஜமாக அடிப்பான் என்று நமக்குத் தெரிவதால்தான் கைப்புள்ளயின் தொனி மேலே இருந்து கீழே சறுக்கும்போது வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். வீறாப்பாகத் தொடங்கும் வாக்கியம் பாதியில் எதிராளியின் கண்ணைப் பார்த்துவிட்டுக் கெஞ்சலாக முடியும். கன்னம் ஒரு பக்கம் துடிக்கும், தோள் இறங்கும். அந்த இறக்கத்தை வசனம் எழுதிக் கொண்டுவர முடியாது. எதிரே நிற்கிறவனின் பலம்தான் அதைக் கொண்டுவரும்.

'வெற்றிக் கொடி கட்டு' படத்தில் பார்த்திபன் துபாயில் எங்கே இருந்தாய், எங்கே இருந்தாய் என்று முகம் மாறாமல் குடைவதும் இதுதான். 'சந்திரமுகி'யில் எதிரே ரஜினி. 'தேவர் மகன்' இசக்கிக்கு எதிரே ஊர்ப்பகை மொத்தமும் நின்றது, கையையே வெட்டியது. அங்கே சிரிப்பும் நின்றுபோனது.

இன்னொன்று, அவரைச் சுற்றி நின்ற ஆட்கள். சிங்கமுத்து, போண்டா மணி, அல்வா வாசு, முத்துக்காளை, வெங்கல் ராவ். இவர்கள் சிரிக்க வைக்க முயல மாட்டார்கள். வெகு சிரத்தையாக ஒரு கேள்வி கேட்பார்கள், ஒரு யோசனை சொல்வார்கள், ஓர் அடி கொடுப்பார்கள். நம் தெருமுனை டீக்கடையில் எந்நேரமும் இருக்கிற முகங்கள். அல்வா வாசு 2017இலேயே போய்விட்டார். நேற்று பார்த்த படத்திலோ அவரவரும் தனித்தனி நகைச்சுவை நடிகர்கள், அவரவருக்கும் ஒரு பாணி. ரெடின் கிங்ஸ்லி அவர் பாணியில் கத்துகிறார், தாதாவாக வரும் ஆனந்தராஜும் கோமாளித்தனம் செய்கிறார். திறமைசாலிகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தாதாவே தமாஷ் பேர்வழி என்றால் சேகர் யாரைப் பார்த்துப் பயப்படுவான்? பயமில்லாத வடிவேலுவிடம் என்ன இருக்கிறது?

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. ஐந்து வருடம் காத்திருந்து வந்தவருக்கு எல்லாரும் மரியாதை செய்திருக்கிறார்கள். படமே அவருக்கு எழுந்து நின்று வழி விடுகிறது. அவருக்கு வேண்டியது அது இல்லையே.

14 டிசம்பர், புதன்

அக்கா மகன் போனில் பேசினான். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அவர் இனிமே நடிக்கவே வேணாம். பழைய கிளிப்பே எங்க தலைமுறைக்குப் போதும்" என்றான். குரலில் கிண்டல் இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னான். அவரைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள நினைக்கிறான்.

எனக்குச் சம்மதம் இல்லை. துண்டு துண்டாக வெட்டி வைத்த பதினைந்து நொடிகளில் ஒரு நடிகன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிவிட முடியாது. நேசமணி தலையில் சுத்தியல் விழுவதற்கு முன்னால், அந்த வீட்டு வேலைக்காக அவர் படும் பாடு எவ்வளவு நீளம்! அதெல்லாம் இருந்ததால்தான் சுத்தியல். அவனிடம் இதைச் சொன்னேன். "முழுப்படம் பாக்கறேன் மாமா" என்றான்.

18 டிசம்பர், ஞாயிறு

கதாநாயகனாக நடித்ததுதான் தப்பு என்று அலுவலகத்தில் ஒரு நண்பர் சொன்னார். அப்படியானால் 2006இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' எப்படி ஓடியது? வாரம் முழுக்க இது மண்டைக்குள் இருந்தது. இன்று அதையும் பார்த்தாகிவிட்டது.

புலிகேசி சிம்மாசனத்தில் இருக்கிறான், மீசை இருக்கிறது, கிரீடம் இருக்கிறது. ஆனால் கயிறு தாய்மாமன் கையில். நாசர் அந்த ராஜகுரு வேடத்தை ஒரு சரித்திரப் படத்தின் சூழ்ச்சிக்காரனாகவே செய்திருக்கிறார். எங்கேயும் கண் சிமிட்டவில்லை. அமைச்சராக இளவரசு பவ்யமாகக் குனிந்தே இருக்கிறார். மனோரமா தாயாக மட்டும் இருக்கிறார். சிம்புதேவன் எழுதிய அரண்மனை முழுக்க முழுக்க நிஜ அரண்மனை. உள்ளே ஒரு முட்டாளை உட்கார வைத்தார், அவ்வளவுதான். போதாக்குறைக்கு அந்த முட்டாளுக்கு எதிராளியாக இன்னொரு வடிவேலுவையே, புத்திசாலித் தம்பியாக நிறுத்தினார். நாயகனாக இருந்தும் அந்தப் படத்தில் அவர் மேல் பாரம் இருந்தது.

'இந்திரலோகத்தில் நா அழகப்பன்', 'தெனாலிராமன்', 'எலி' எல்லாவற்றையும் முதல் வாரமே பார்த்தவன் நான். மூன்றிலும் செட் பெரிது, வேடம் பெரிது. அவரை எதிர்த்து நிற்கிறவர்கள்தான் சின்னவர்கள். 2011இல் அவர் செய்த தேர்தல் பிரசாரத்துக்குப் பிறகு வாய்ப்புகள் குறைந்தன என்று எல்லாரும் சொல்வது உண்மைதான். ஆனால் கிடைத்த வாய்ப்புகளில் என்ன செய்தார்கள் என்பதையும் பேச வேண்டும். இருபது நிமிட டிராக்கில் பத்துப் பேரிடம் அடி வாங்கியவரை இரண்டு மணி நேரம் யாரிடமும் அடி வாங்காமல் நடக்கவிட்டார்கள்.

30 ஜூன் 2023, வெள்ளி

நேற்று ராத்திரி 'மாமன்னன்' பார்த்துவிட்டு வந்து எழுத முடியவில்லை. இப்போதும் கை நிதானமாக இல்லை.

வடிவேலு ஒரு தடவைகூடச் சிரிக்க வைக்கவில்லை. சிரிக்க வைக்க முயலவும் இல்லை. அவர் எம்.எல்.ஏ. ஆனாலும் ரத்னவேல் முன்னால் உட்கார மாட்டார். நாற்காலி இருக்கிறது, உட்காரவில்லை. அந்தத் தயக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டு, எதிராளியின் கண்ணை அளந்து, தோளைக் குறுக்குவதை நூறு படத்தில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதே உடம்புதான். எதிரே ரத்னவேலாக ஃபகத் ஃபாசில் அத்தனை வன்மத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் குறுகல் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. இத்தனை காலம் எதைப் பார்த்துச் சிரித்தோமோ அது பயம். ஒரு சின்ன மனிதன் பெரிய மனிதர்கள் நடுவில் பிழைத்துக் கிடப்பதற்காகக் கற்றுக்கொண்ட பயம். மகனுக்கு நடந்ததற்கு நியாயம் வாங்கித்தர முடியாமல் போன தகப்பன் தனியாக நின்று அழும் இடத்தில் அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. இது டிசம்பரில் கேட்ட மௌனம் இல்லை.

அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்று இயக்குநர் மாரி செல்வராஜ் மேடையிலேயே சொன்னார். முப்பத்தோரு வருடம் கழித்து இசக்கிக்குக் கை திரும்பக் கிடைத்த மாதிரி எனக்கு இருந்தது.

அக்கா மகனும் பார்த்துவிட்டான். "அப்போ காமெடி அவ்வளவுதானா மாமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. எல்லாரும் இனி அவரை அழ வைக்கவே கூப்பிடுவார்கள். நல்ல நடிகர் என்று இப்போதுதான் கண்டுபிடித்தது போல எழுதுவார்கள். கைப்புள்ளயில் இருந்ததும் இதே நடிப்புதான் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், வட்டிக்குக் கொடுத்த ஒருவன், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஓனர், யாராவது ஒருவர் சிரிக்காமல் அவர் எதிரே வந்து நிற்கட்டும். டைட்டிலில் அவர் பெயர் மூன்றாவதாக வரட்டும். இருபது நிமிடம் போதும்.

'சந்திரமுகி 2' வரப்போகிறது. பி.வாசுதான் இயக்குகிறார், வடிவேலுவின் முருகேசனும் திரும்ப வருகிறாராம். அந்த வீட்டில் இந்த முறை முருகேசன் யாரைப் பார்த்து நடுங்கப் போகிறார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.