கட்டிய பை

(மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நிறங்களைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. நடுத்தெருவில் வெட்டிய குழியின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தோம். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்று ஒரு வரிசை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று அதற்கு ஜோடி வரிசை. ஒரு தொலைபேசிக்கு இரண்டு கம்பி வேண்டும். அந்த வரிசையில் ஒன்றும் இந்த வரிசையில் ஒன்றுமாகச் சேர்த்தால் இருபத்தைந்து ஜோடி கிடைக்கும். மற்ற பிள்ளைகள் வாய்பாடு ஒப்பித்த வயதில் நாங்கள் இதை ஒப்பித்தோம். என் தந்தையார் மதுரையில் தொலைபேசி கேபிள் ஜாயின்டராக இருந்தவர். வேலை இருட்டிவிட்டால் அம்மா சோற்றுத் தூக்கைக் கொடுத்து என்னையும் தம்பியையும் அனுப்புவார்கள். அப்பா சாப்பிட்டு முடித்ததும் நான் விளக்குப் பிடிப்பேன்.

2017-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். ஒரு நாள் விடிந்ததும் வைகையின் வடகரையில் செல்லூர்ப் பக்கம் வரிசையாகத் தொலைபேசிகள் ஊமையாகிவிட்டன என்று புகார் வந்தது. மழைநீர் புகுந்திருக்கும் என்றுதான் அப்பா முதலில் நினைத்தார். எக்ஸ்சேஞ்சிலிருந்து அளந்து பார்த்தபோது கம்பி அறுந்திருப்பது தெரிந்தது.

அளப்பது எப்படி என்று நம் துறை மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கம்பியில் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறார்கள். அறுந்த முனையில் முட்டி அது திரும்பி வருகிறது. கேபிளுக்குள் துடிப்பின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அறுந்திருந்தால் போய்த் திரும்ப சுமார் 10 மைக்ரோ விநாடி ஆகும். இந்தக் கணக்கை நான் கல்லூரியில் படித்த அன்று, பள்ளி இறுதி வகுப்பையும் தாண்டாத அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அதான் அந்தப் பொட்டி காட்டுமே" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார்.

அந்த இடத்தில் சாக்கடை வேலைக்காகப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். கேபிள் வெளியே தெரிந்தது. யாரோ இரவில் இறங்கி பன்னிரண்டு மீட்டரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது 400 ஜோடி கேபிள், உள்ளே 0.5 மி.மீ. செம்புக் கம்பிகள் எண்ணூறு. மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ செம்பு என்றால் மொத்தம் பதினேழு கிலோ தேறும். ஆற்று மணலில் போட்டு மேலுறையைக் கொளுத்திவிட்டுப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கும். அதைச் சரிசெய்ய, புதுத் துண்டைப் போட்டு இந்த முனையில் எண்ணூறு, அந்த முனையில் எண்ணூறு என்று ஆயிரத்து அறுநூறு கம்பிகளை நிறம் பார்த்து ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும்.

அந்தக் காலத்துக் கேபிளாக இருந்தால் திருடன் கைவைத்ததும் தெரிந்திருக்கும் என்பார் அப்பா. காகிதம் சுற்றிய கம்பிகளை ஈயக் குழாய்க்குள் அடைத்து, ஈரம் ஏறாமலிருக்க உள்ளே உலர்ந்த காற்றை அழுத்தி வைப்பார்களாம். எங்காவது ஓட்டை விழுந்தால் அழுத்தம் குறைந்து எக்ஸ்சேஞ்சில் தெரிந்துவிடும். பின்னர் வந்த பாலிதீன் கேபிளில் கம்பிகளைச் சுற்றிப் பசை நிரப்பிவிட்டார்கள். தண்ணீருக்கு அது நல்ல மருந்து. ஆனால் காற்று போனது, காற்றோடு காவலும் போனது. சட்டத்துக்கும் குறைவில்லை. தந்திக் கம்பியைச் சேதப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்று 1885-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. இலாகாவின் செம்புக் கம்பியை வைத்திருப்பவனே அது நியாயமாக வந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும் என 1950-இல் தனிச் சட்டமே போட்டார்கள். உருக்கிய செம்பில் யார் பெயர் எழுதியிருக்கிறது?

மழை விட்டு விட்டுப் பெய்தது. குழியில் நீர் ஊறுவதும் இறைப்பதுமாகப் பதினோரு நாள் ஓடியது. அடுத்த சந்தில் இருந்த ஒரு பாட்டியம்மா தினமும் குடையோடு வந்து நிற்பார். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் அழைப்பாராம். கைபேசியைத் தொட அவருக்குப் பயம். "என் நம்பர் எப்போ வரும், தம்பி?" என்று கேட்பார், அப்பாவுக்குக் காப்பியும் கொண்டுவருவார். இரண்டு ஞாயிறு போய்விட்டது.

வேலை முடிந்த இரவு அப்பா நேரே வீட்டுக்கு வரவில்லை. என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டி ஒரு வீட்டு முன்னால் நிறுத்தினார். அது எங்களுக்குப் பழகிய வீடு. அப்பாவோடு பல ஆண்டுகள் குழி வெட்டியவர், நாங்கள் மாமா என்று கூப்பிட்டவர், அங்கே இருந்தார். புதுக் கேபிள் போடுவது குறைந்ததும் அவர் சாக்கடை வேலைக்குப் போய்விட்டார்.

அப்பா சத்தம் போடவில்லை.

"ஏண்டா, அறுத்தவன் எதுக்குடா முனையில பையைக் கட்டிட்டுப் போன?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அறுபட்ட இரண்டு முனைகளிலும் பாலிதீன் பை சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. பாதி வேலையில் வீடு திரும்பும்போது சேறும் ஈரமும் ஏறாமலிருக்க அப்பா அப்படித்தான் கட்டுவார். முடிச்சும் அவர் சொல்லிக்கொடுத்த முடிச்சே.

மாமா தலையைத் தொங்கப் போட்டார். சாக்கடை காண்ட்ராக்டர் இரண்டு மாதக் கூலியைத் தரவில்லை என்றார். பிறகு, "ஈரம் ஏறிருச்சுன்னா நீங்கதாண்ணே கெடந்து சிரமப்படுவீங்க" என்றார்.

அப்பா காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. யார் மீதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டபோது "இல்லை" என்று சொல்லிவிட்டார். பொய் சொன்னால் பிரம்பை எடுக்கும் அப்பா சொன்ன பொய் அது. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, மறுபக்கம் கோபம். மாமா மேல் இருந்த பிரியம் எனக்கு மட்டும் இல்லையா என்ன? ஆனால் அந்தப் பாட்டியம்மாவின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை மன்னிக்க அப்பா யார்? இதை அப்பாவிடமே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் மாலை மாமாவைக் கூட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனார். பாட்டியம்மா முழுவதையும் கேட்டார், திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு அந்தத் தெருவில் எத்தனை முறை குழி வெட்டியபோதும் காப்பி வரவில்லை, அப்பாவுக்குமே.

அந்த மழைக்காலம் முழுக்க அப்பாவும் மாமாவும் இரவில் முறை வைத்துக்கொண்டு அந்தப் பாதையைச் சுற்றினார்கள். டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுத் தோழர்கள், விடியுமுன் பூ மூட்டையோடு போகும் பெண்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்தார்கள்: மூடி திறக்கிற சத்தம் கேட்டால் போய், "யாரு, எந்த ஆபீசு?" என்று கேளுங்கள், அது போதும். அந்தப் பாதையில் அதன்பிறகு வெட்டு விழவில்லை. மற்ற இடங்களில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

2020 ஜனவரி 31 அன்று அப்பா விருப்ப ஓய்வில் வந்துவிட்டார். பல தெருக்களில் செம்பு போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. கண்ணாடிக்குக் காயலான் கடையில் விலை இல்லை. அது தெரியாமல் அதையும் அறுக்கிறார்கள். சென்ற ஆண்டு எங்கள் தெரு முனையில் அப்படி அறுத்து எறிந்த துண்டு ஒன்று கிடந்தது. அப்பா குனிந்து எடுத்து, முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்லால் கடித்தது போலப் பிசிறு பிசிறாக இருந்தது.

"தொழில் தெரியாத பய" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தார்.