கற்சிலைமடுக் கல்லை வாசிக்கப் பழகிய கதை

உள்ளூர் வரலாறு எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேலை பழக்குவார். ஊருக்கு அவர் மாஸ்டர். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் எழுதவே விடவில்லை. "எழுதக் காலம் கிடக்குப் பிள்ளை. முதல்லை வாசிக்கப் பழகு" என்று, ஆங்கிலேயரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியன் பற்றிய கட்டுரைக் கட்டொன்றைத் தந்தார். விழா மலர்களிலும் பத்திரிகைகளிலும் வந்தவை, பெரும்பாலும் போட்டோப் பிரதிகள். அவரிடம் இருந்த மூலங்கள் 2009 போர் இடம்பெயர்வோடு போய்விட்டன.

கொப்பியில் நிரல் கீறச் சொன்னார். சொன்னவர் யார், எப்போது சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும்? முதல் இரண்டு நிரலும் மளமளவென்று நிரம்பின. மூன்றாவது கிட்டத்தட்ட வெறுமையாகவே கிடந்தது.

பிறகுதான் ருசியான வேலை. ஒரு கட்டுரையில் ஆங்கிலத் தளபதியின் பெயர் பிழையாக அச்சாகியிருந்தது. அதே பிழை பின்னால் வந்த பல கட்டுரைகளிலும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. மாஸ்டர் அவற்றைச் சிவப்புப் பேனையால் ஒரே கோட்டில் கோத்தார்.

"இப்ப சொல்லு, இது எத்தினை சாட்சி?"

"ஒண்டுதான் மாஸ்டர்."

அதற்குப் பிறகு கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லுக்கு வந்தோம். போருக்குப் பின் அந்தக் கல் உடைக்கப்பட்டுவிட்டது. நாங்கள் வாசித்தது பழைய படமொன்றை. கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனை இந்த இடத்துக்குக் கிட்டடியில் தோற்கடித்தார் என்றும், 1803 ஒக்டோபர் 31 என்றும் அதில் இருந்தது. கட்டில் இருந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் அதே நாளில் அதே இடத்தில் அவன் இறந்ததாக எழுதியிருந்தன. கல்லில் சாவு இல்லை. 1811 வரை அவன் உயிரோடிருந்தான் என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். தோல்வி நாள் எப்படியோ நினைவு நாளாகிவிட்டது.

கல்லை நட்டதும் வென்ற பக்கம்தானே, அதை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டேன். மாஸ்டர் சிரித்துக்கொண்டு ஜே. பி. லூயிஸின் நூலை எடுத்தார். வன்னி மாவட்டங்கள் பற்றி அந்த ஆங்கில அதிகாரி எழுதி 1895இல் வெளிவந்தது. சண்டை நடந்து தொண்ணூறு வருசத்துக்கு மேல் கழித்து எழுதியவர்; ஆனால் அரசாங்கப் பதிவுகளைப் பார்க்க வசதி இருந்தவர். 1803 ஓகஸ்ட் 25 அன்று பண்டார வன்னியன் முல்லைத்தீவைத் தாக்கி, அங்கிருந்த படையை விரட்டிப் பீரங்கியையும் பிடித்த செய்தி ஆங்கிலேயர் பக்கத்திலிருந்தே வருகிறது. தோற்றவன் தன் தோல்வியைத் தானே ஒத்துக்கொண்டால் அதற்குப் பெறுமதி கூட. வென்றவன் தன் வெற்றியைக் கல்லில் வெட்டினால் இன்னொரு சாட்சி தேடவேண்டும். எதிரி எழுதியது என்று தூக்கி எறிந்திருந்தால், நாங்கள் ஆண்டுதோறும் வெற்றி நாள் கொண்டாடுகிற திகதியே எங்களிடம் இருந்திராது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது காக்கை வன்னியன்தான். பண்டார வன்னியனை அவன் காட்டிக்கொடுத்த கதையை அம்மம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். நாடக மேடையிலும் பார்த்திருக்கிறேன். கல்லில் அவன் பெயர் இல்லை. மூன்றாவது நிரலில் என்ன போடுவது என்று கேட்டேன். "நாடகத்திலை பாத்தனி எண்டால் நாடகம் எண்டு போடு. அம்மம்மா சொன்னதெண்டால் அம்மம்மா எண்டு போடு. அதிலை ஒரு வெக்கமும் இல்லை" என்றார். மனதுக்குப் பிடித்த கதையிடம்தான் கூடுதலாகக் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பிடிக்காத கதையைச் சந்தேகிக்க யாருக்கும் பழக்கம் தேவையில்லை.

இப்போது நூலகம் இணையத்தளத்தில் பழைய மலர்களும் பத்திரிகைகளும் வீட்டிலிருந்தே வாசிக்கக் கிடைக்கின்றன. பார்த்து எழுதுவதும் அந்த அளவுக்கு இலகுவாகிவிட்டது. அடுத்த விழா மலருக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள் தயவுசெய்து எந்த நூல், எந்தப் பக்கம், யார் சொன்னது என்பதை அடியில் ஒரு வரியாவது போடுங்கள்.