நாடா அவிழ்ந்த கதை

புதுச்சேரிக்காரர்களுக்குப் புயல் என்றால் தனி பயம். 2011 டிசம்பர் 30-ம் தேதி காலையில் 'தானே' வந்து மரங்களைப் பிடுங்கிப் போட்டதையும், நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் யார் மறப்பார்கள்? அப்பேர்ப்பட்ட ஊர், 2016 டிசம்பர் 1-ம் தேதி சாயங்காலம் 'வாப்பா ராசா' என்று கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது!

காரணம், அக்டோபரில் வந்திருக்க வேண்டிய பருவமழை, நவம்பர் முடிந்தும் எட்டிப் பார்க்கவில்லை. இங்கே வற்றாத ஆறு கிடையாது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் மழை பெய்தால்தான் ஆறு. குழாயில் வருவதோ நிலத்தடி நீர். ஊசுடு, பாகூர் ஏரிகள் நிரம்பினால்தான் கிணறும் போரும் ஊறும்.

ஒரு மன்னன் தன் வீட்டை இடிக்கச் சொன்னதும், ஆயி என்ற தாசி தானே இடித்து அங்கே குளம் வெட்டினாளாம். பிற்பாடு முத்தரையர்பாளையத்திலிருந்து அந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர்கள், அவள் பேரில் மண்டபமே கட்டினார்கள். பாரதி பூங்காவில் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறோம். குளம் வெட்டத்தான் ஆளைக் காணோம்.

கடற்கரை சாலையில் காந்தி சிலைகிட்டே நல்ல கூட்டம். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போய் மூணு வாரம். ஏ.டி.எம். வாசலில் நின்று அலுத்தவர்கள் இங்கே வந்து வானத்தைப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒன்றும் வரவில்லை.

"எத்தனாம் நம்பர் கூண்டுடா ஏத்தியிருக்கான்?" என்றான் பாகூர் நண்பன். ஆபீஸில் என் பக்கத்து சீட். வீட்டில் ரெண்டு காணி நிலம்.

"சார், புயல் வந்தா என் யாவாரம் படுத்துக்கும். ஆனாலும் வரட்டும் சார், வீட்ல பைப்புல காத்துதான் வருது" என்றார் சுண்டல்காரர்.

புயலுக்குப் பேர் 'நாடா'. ஓமன் நாடு வைத்த பேராம். நமக்கு நாடா என்றால் பைஜாமாதானே ஞாபகம் வரும்? பேருக்கேற்றபடி நடுக்கடலிலேயே அவிழ்ந்து, வெறும் தாழ்வு மண்டலமாகி, மறுநாள் விடியற்காலை காரைக்கால் பக்கம் கரையேறியது. அடுத்த 'வர்தா'வும் 12-ம் தேதி சென்னைக்குப் போய்விட்டது. அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் மழை 62 சதவிகிதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்கள். நண்பன் அந்த வருஷம் நடவே போடவில்லை.

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி 'ஃபெஞ்சல்' நேராக நம்ம ஊருக்கே வந்தது. ஒரே நாளில் 46 செ.மீ. மழை! தெருவெல்லாம் வெள்ளம், ஜனங்களை மீட்க ராணுவமே வர வேண்டியதாயிற்று.

பாகூரிலிருந்து போன். "நெல்லு மொத்தமும் முழுகிடுச்சுடா. கேட்டோம்தான்... அதுக்காக எட்டு வருஷம் கழிச்சு, வட்டியோடவா?"