பூட்ஸ் படலம்

எனக்கு வயது அறுபத்தெட்டு. இதில் முதல் அறுபத்தேழு வருஷம் பூட்ஸ் என்ற வஸ்துவைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. செருப்பு உண்டு, அதையும் வாசலோடு விட்டுவிட்டு வீட்டுக்குள் வருகிறவர்கள் நாம். பூட்ஸ் என்பது போலீஸ்காரருக்கும் பட்டாளத்துக்கும் ஏற்பட்டது. அதற்கு அடுத்தபடி நாவலாசிரியர்களுக்கு ஏற்பட்டது. நடு நிசியில் மாடிப்படியில் ‘டக், டக்’கென்று பூட்ஸ் ஒலி கேட்காமல் ஒரு மர்மக் கதையை நகர்த்துவது கஷ்டம். என்னுடைய கதைகளிலேயே மூன்றில் அந்த ஒலி கேட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பூட்ஸுக்குள்ளே இருந்த கால் என்ன பாடுபட்டது என்று நானும் எழுதவில்லை, எந்த வாசகரும் கேட்கவில்லை.

அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தம் போன வருஷம் இங்கிலாந்தில் ஆரம்பமாயிற்று.

என் பெண் யார்க்‌ஷயரில், லீட்ஸ் நகரத்தில் குடியிருக்கிறாள். நானும் என் மனைவியும் அக்டோபர் மாதம் அங்கே போய்ச் சேர்ந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். எழுபத்தைந்து வயதிருக்கும், மனைவி காலமாகிவிட்டாள். தினம் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, பெய்த மழையைப் பற்றியும் பெய்யப்போகிற மழையைப் பற்றியும் என்னிடம் பேசுவார். அவருடைய தம்பிக்கு வடக்கே மலைப் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை இருந்தது. குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் அங்கே ஃபெஸன்ட் வேட்டை நடக்குமாம். நம் காட்டுக்கோழிக்குச் செம்பு முலாம் பூசி, முழ நீளத்தில் ஒரு வாலையும் ஒட்டினால் அதுதான் ஃபெஸன்ட்.

“நீங்கள் பீட்டராக வரலாமே!” என்றார் ஒரு நாள்.

“என் பெயர் அதுவல்லவே!” என்றேன்.

தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். இங்கிலீஷ்காரருக்கு அதில் இரண்டு. அவர் சொன்ன பீட்டர் ஆசாமியின் பெயர் அல்ல, உத்தியோகத்தின் பெயர். துப்பாக்கிக்காரர்கள் ஏழெட்டுப் பேர், வரிசையாக நட்டு வைத்த முளைகளின் பக்கத்தில் ஆளுக்கொரு முளையாக நிற்பார்கள். தோப்பின் மறு பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் தடியால் புதரைத் தட்டிக்கொண்டு நடந்து வந்து பறவைகளைக் கிளப்பிவிட வேண்டும். இந்தத் தடிக்காரர்தான் பீட்டர். அவருக்கு மத்தியானச் சாப்பாடும் கொஞ்சம் கூலியும் உண்டு. முளையடியில் நிற்கிறவரோ அப்படி நிற்பதற்காகப் பணம் கட்டியிருக்கிறார். நடக்கிறவனுக்கு வரவு, நிற்கிறவனுக்குச் செலவு என்கிற இந்த நியாயத்தை நான் உலகத்தில் வேறெங்கும் கண்டதில்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

பறவையைச் சுடுவதில் எனக்குச் சந்தோஷம் எதுவும் கிடையாது. நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பெருமை பேசுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆனாலும், கதை எழுதுகிறவனை ஒரு காட்சி கைதட்டிக் கூப்பிட்டால் அவன் போகாமல் இருப்பதில்லை.

“பூட்ஸ் இருக்கிறதா?” என்று கேட்டார் பெரியவர். “அங்கே தண்ணீர் மேலேயிருந்தும் வரும், கீழேயிருந்தும் வரும்.”

“மாமா, என்னுடையது இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்” என்றார் மாப்பிள்ளை. நேயர்களுக்கு ஒரு வார்த்தை: மாப்பிள்ளை கொடுப்பதை மாமனார் மறுக்கக் கூடாது என்று சாஸ்திரம் ஒன்றும் இல்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டதுதான் என் பிசகு.

அது முழங்கால் வரை வரும் பச்சை ரப்பர் பூட்ஸ். அங்கே ‘வெலிங்டன்’ என்கிறார்கள், செல்லமாக ‘வெல்லி’. மாப்பிள்ளையின் கால் அளவு ஒன்பது, என்னுடையது எட்டு. இங்கிலீஷ் அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ‘அது ஒரு வித்தியாசமா? இரண்டு ஜோடிக் காலுறை போட்டால் சரியாகிவிடும்’ என்று, வேட்டைக்கு ஒத்திகையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மால்ஹாம் என்ற கிராமத்துக்குப் போனோம்.

அந்த இடத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், எண்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பாறைச் சுவர் அரை வட்டமாக வளைந்து எதிரே நிற்கிறது. பக்கத்தில் படிக்கட்டு, நூற்றுக்கணக்கில். ஏறிப் போனால் உச்சியில் சுண்ணாம்புப் பாறை பாளம் பாளமாக வெடித்து, தளம் போட்ட மாதிரி பரந்து கிடக்கிறது. மழையில் நனைந்தால் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். ஏறும்போது பூட்ஸ் என்னோடு வந்தது. இறங்கும்போது பூட்ஸ் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக இறங்கின. ஒவ்வொரு படிக்கும் குதிகால் மேலே எழும்பி, விரல்கள் முன்னே போய் முட்டிக்கொண்டிருந்தன. ஆனால் எனக்கு வலிக்கவில்லை. ‘அடடா, என்ன சௌகரியமான பூட்ஸ்!’ என்று மாப்பிள்ளையிடம் பாராட்டுகூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினபோது என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

“என்ன இது, மருதாணியா?” என்றாள். அப்புறம் அவள் முகம் மாறிவிட்டது.

இப்போது நான் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சர்க்கரை வியாதி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மாத்திரை சாப்பிடுகிறேன், கல்யாண வீட்டில் பாயசம் வரும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன், அதாவது பாதிக் கல்யாணங்களில். இந்த வியாதி நாளாக நாளாக நரம்பைத் தின்னும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அதை, வைத்தியர்கள் சொல்கிற பல விஷயங்களில் ஒன்றாக வைத்திருந்தேன். சென்னையில் ஒரு தடவை என் உள்ளங்காலில் டிராயிங் பின் ஒன்று குத்தி நின்றதை, தரையில் அது கீறுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். அன்றைக்குச் சிரித்தோம்.

லீட்ஸில் பாதத்துக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கிற ஓர் அம்மாளிடம் என் பெண் என்னை அழைத்துப் போனாள். குதிகாலில் தோல் வழண்டு போயிருந்த இடத்தைக் கழுவிக் கட்டுப் போட்ட பிறகு, அந்த அம்மாள் ஒரு நைலான் இழையைக் கையில் எடுத்துக்கொண்டார். பல் துலக்கும் பிரஷ்ஷின் ஒரு மயிர் மாதிரி இருந்தது. அது வளைகிற வரை அழுத்தினால் சரியாகப் பத்து கிராம் கனம் தோலில் பதியுமாம்.

“கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்கள்” என்றார்.

மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். வெளியே ஒரு பஸ் நின்று புறப்பட்டது. கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. மரியாதைக்காக இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, “இன்னும் ஆரம்பிக்கவில்லையா?” என்றேன்.

“முடித்துவிட்டேன்” என்றார்.

கண்ணைத் திறந்தபோது என் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

புண் ஆறுவதற்கு ஆறு வாரம் பிடித்தது. இந்த மாதிரி புண் ஆறாமல் விரலையும் பாதத்தையும் இழந்தவர்கள் நம் ஊரில் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. நேயர்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிடந்த அந்த ஆறு வாரமும் என் எதிரியைப் பற்றிப் படித்தேன். வெலிங்டன் என்ற பெயருக்குக் காரணமானவர் வேறு யாருமல்ல, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானோடு நடந்த யுத்தத்தில் வந்திருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான். குன்னூருக்குப் பக்கத்தில் ஜக்கதலா என்றிருந்த ஊருக்கு அவருடைய பட்டப் பெயரை வைத்தார்கள். பூட்ஸுக்கும் அதையே வைத்தார்கள். அவர் லண்டனில் தம்முடைய செம்மானிடம் சொல்லித் தைத்துக்கொண்டது கன்றுத் தோலில். 1850-களில் பிரான்ஸிலும் எடின்பரோவிலும் அதை ரப்பரில் செய்ய ஆரம்பித்தார்கள். முதல் உலக யுத்தத்தில் பதுங்கு குழித் தண்ணீரில் நின்று நின்று சிப்பாய்களின் கால் அழுகிப் போனபோது, பத்து லட்சம் ஜோடிக்கு மேல் செய்து அனுப்பினார்களாம். ஆகவே அந்தப் பூட்ஸ் தண்ணீரில் நிற்பதற்கென்றே வளர்ந்தது. மால்ஹாம் படிக்கட்டில் இறங்குவேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஃபெஸன்ட் வேட்டை அங்கே அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முதல் தேதி வரைதான். டிசம்பர் பாதியில் கட்டை அவிழ்த்தார்கள். “இனிமேல் வெளியே எங்கேயும் போக வேண்டாம்” என்றாள் என் மனைவி. பாதத்து அம்மாள் வேறு விதமாகச் சொன்னார்: “நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். ஆனால் இனிமேல் பூட்ஸைக் காலைக் கேட்டு வாங்காதீர்கள். அது பொய் சொல்லும்.”

சந்தை கூடுகிற ஒரு சிறிய ஊரில், வேட்டைக்காரர்களுக்கும் மலை ஏறுகிறவர்களுக்கும் சாமான் விற்கிற கடை. சாயங்காலம் நாலு மணிக்குப் போனோம். அதுவும் அம்மாளின் உத்தரவுதான். பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கின பிறகுதான் அளவெடுக்க வேண்டும். கடையில் இருந்த ஸ்திரீக்கு என் வயது இருக்கும். என் கண் போன பூட்ஸை அவர் கண்டுகொள்ளவேயில்லை. பச்சை நிறம், பக்கத்தில் வார், பித்தளைப் பூட்டு, உள்ளே கதகதப்பான மெத்தை லைனிங்! அதைப் போட்டுக்கொண்டால் நானே ஒரு ஜமீன்தார்.

“நிற்கப் போகிறீர்களா, நடக்கப் போகிறீர்களா?” என்று கேட்டார்.

“நடக்கப் போகிறேன்.”

“அப்படியானால் அது உங்களுக்கு வேண்டாம்.”

இரண்டு காலையும், நிற்க வைத்து, தனித்தனியாக அளந்தார். என் இடது கால் வலதைவிடப் பெரியது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெரிய காலுக்குத்தான் பூட்ஸ் வாங்க வேண்டுமாம். பிறகு கணுக்காலுக்கு மேலே நாலு விரல் உயரத்துக்கு வருகிற, கயிறு கட்டும் தோல் பூட்ஸ் ஒன்றைக் கொண்டு வந்தார். உள்ளே இருந்த அட்டையை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் என்னை ஏறி நிற்கச் சொன்னார். கால் எந்தப் பக்கமாவது அட்டைக்கு வெளியே பிதுங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார். உணர்ச்சி இல்லாத காலுக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது, கண்ணால் பார்த்துவிடலாம்.

கடையில் ஒரு சின்ன மரச் சரிவு இருந்தது. கம்பளிக் காலுறையோடு பூட்ஸைப் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் பத்துத் தடவை என்னை இறங்கச் சொன்னார். என் பெண் குனிந்து குதிகாலைப் பிடித்துப் பார்த்தாள். அசையவில்லை. கயிறு என்பது அலங்காரத்துக்கு அல்ல. மேல் பாதத்தைப் பிடித்து நிறுத்தி, விரல்களை முன்னே ஓடவிடாமல் தடுக்கிற கடிவாளம்.

தண்ணீர் உள்ளே வராதா என்று கேட்டேன். தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் கண்டுபிடித்த சங்கதி. அதிலுள்ள துவாரங்கள் நீர்த்துளியைவிட எத்தனையோ மடங்கு சிறியவை, நீராவியைவிடப் பெரியவை. மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகும். ரப்பரில் அந்த வழி இல்லை. மழைத் தண்ணீரை எப்படி உள்ளே விடாதோ, அப்படியே வியர்வையை வெளியே விடாது. ஊறின தோல்தான் சீக்கிரம் வழண்டு போகிறது. ஆனால் முழங்கால் ஆழத்துக்கு ஓடையில் இறங்கினால் எந்தச் சவ்வும் காப்பாற்றாது, மேலே வாய் திறந்துதானே இருக்கிறது என்றும் அந்த ஸ்திரீ ஒளிக்காமல் சொன்னார். சேறு புகாமல் முழங்கால் வரை கட்டிக்கொள்ள ஒரு ஜோடிக் கித்தான் உறையும் சேர்த்துக் கொடுத்தார். விலையை இங்கே எழுத மாட்டேன். என் மனைவி என் கட்டுரைகளைப் படிக்கிறவள்.

முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி. கழற்றிப் பாதத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். மறு நாள் ஒரு மணி, மறுபடி கண்ணாடி. ராத்திரி மாடிப்படியில் ‘டக், டக்’கென்று நான் இறங்கி வந்ததைக் கேட்டு என் பேத்தி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாளாம். எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு அது திருப்தியாகவே இருந்தது.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை பெரியவரோடு புறப்பட்டேன். காரில் என் மனைவி கடைசி வரை என்னோடு பேசவில்லை. கையில் ஒரு பை மட்டும் கொடுத்தாள். அதில் இரண்டு ஜோடிக் காலுறையும் பஞ்சும் மருந்தும் இருந்தன. காலையில் இரண்டு தோப்பு கலைத்தோம். முள்ளுப் புதர், கல் சுவருக்குமேல் ஏறிக் குதிக்கும் படி, மாட்டுக் குளம்பு பட்டுக் கூழாகக் கிடந்த வயல்கள் எல்லாவற்றையும் தாண்டினேன். ‘கொர்ர்க்’ என்று கத்திக்கொண்டு பறவைகள் எழும்பின. துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்தேன். பூட்ஸைப் பார்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் வைக்கோல் கொட்டகையில் எல்லாரும் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். அப்போதுதான் நினைவு வந்தது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன். காலை மடக்கி உள்ளங்காலைப் பார்க்க முயன்றேன். இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

பெரியவர் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு எதிரே வைக்கோலில் மண்டியிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் காலைக் கையில் எடுத்தார். குதிகாலைப் பார்த்தார். உள்ளங்காலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விரலாகப் பிரித்து இடுக்கில் பார்த்தார். அப்புறம் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

“எல்லாம் சரியாக இருக்கிறது” என்றார்.

“உங்களுக்கு எப்படி...?” என்று ஆரம்பித்தேன்.

“பதினெட்டு வருஷம் அவளுக்குப் பார்த்தேன்” என்றார்.

பூட்ஸை மாட்டிவிட்டு, கயிற்றை அவரே இழுத்துக் கட்டினார், இரட்டை முடிச்சாக. வெளியே விசில் ஊதினார்கள். தடிகளை எடுத்துக்கொண்டு மூன்றாவது தோப்புக்குப் போனோம்.