பெட்டைக்குதிரையை விற்காத வீடு

அஜ்மீர்ப் பக்கத்து ஆரவல்லி மலையில் நன்னீராகப் புறப்படும் லூனி ஆறு, பாலோத்ராவைத் தாண்டியதும் உவர்ப்பேறிவிடுகிறது. அதற்கப்பால் கடலையும் தொடாமல் கட்ச் பகுதியின் உப்புவெளியில் போய் அடங்கிவிடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி அதில் தண்ணீரே இருப்பதில்லை, அகன்ற மணல்தான் கிடக்கும். அந்த மணலை ஒட்டிய சீமை மாலாணி. 14ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்டு, பிறகு மக்கள் கும்பிடும் தெய்வமாகிவிட்ட ராவல் மல்லிநாத்தின் பெயரைத் தாங்கிய நிலம். மார்வாரிக் குதிரை இனத்தின் தாய்மண் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

இந்தச் சீமையில் தலைமுறைகளாகக் குதிரை வளர்க்கும் ஒரு குடும்பத்தோடு வெவ்வேறு பருவங்களில் தங்கியிருக்கிறேன். ஏழு பெட்டைக்குதிரைகள், ஒரு பொலிக்குதிரை, வளர்ந்துவரும் குட்டிகள் என்று அவர்களுடைய கொட்டில் நடுத்தரமானது. வீட்டுப் பெரியவரை ஊரே தாதோசா என்கிறது. அவருடைய பேரன் திருப்பூரில் துணிக்கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தமிழ் அவருக்குச் சரளம். எங்கள் பேச்சு முழுக்க அவர் வழியாகத்தான் நடந்தது.

அந்த வீட்டுக் காலண்டரில் ஆண்டு பங்குனியில் தொடங்குகிறது, ஏனென்றால் குட்டிகள் பிறப்பது அப்போதுதான். குதிரையின் சினைக்காலம் 11 மாதம். பகல் நீளத் தொடங்கும்போது பெட்டை பருவத்துக்கு வரும். பங்குனி, சித்திரையில் சேர்த்தால் அடுத்த ஆண்டு மாசி, பங்குனியில் குட்டி. ஆகவே ஒரு குட்டி பிறக்கும் நாட்களிலேயே அடுத்த ஆண்டுக் குட்டிக்கான முடிவையும் எடுத்தாக வேண்டும்.

பிரசவம் நெருங்கும் பெட்டையைத் தாதோசா கையாலும் கண்ணாலும் படிக்கிறார். முதலில் மடி கனக்கிறது. வால் முளைக்கும் இடத்தின் இருபுறமும் தசை தளர்ந்து குழி விழுகிறது. கடைசி ஒன்றிரண்டு நாளில் காம்பு நுனியில் மெழுகுபோல மஞ்சள் துளி உறைந்து நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டால் அன்றிரவு யாரும் வீட்டுக்குள் படுப்பதில்லை. பெட்டைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனுகின்றன. ஓடித் தப்பும் விலங்கு, உலகம் அடங்கிய நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஆள் நடமாட்டம் இருந்தால் அது வலியை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் என்று குதிரைகளைப் பராமரிக்கும் சாயிஸ் சொன்னார். அவர் அப்பாவும் இதே கொட்டிலில் குதிரை பார்த்தவர்.

நான் பார்த்த பிரசவம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. செங்கருப்பு நிறப் பெட்டை இரண்டு முறை படுத்து எழுந்தது, விலா வேர்த்தது, மூன்றாம் முறை படுத்ததும் பனிக்குடம் வெண்மையாக வெளிவந்தது. அந்த வெண்மையைப் பார்த்த பிறகுதான் சாயிஸின் தோள் தளர்ந்தது. சிவப்பாக வந்தால் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது என்று பொருள். உள்ளே குட்டிக்குக் காற்றில்லை, அந்தக் கணமே பையைக் கிழித்தாக வேண்டும். அன்று அந்த ஆபத்து இல்லை. ஒரு முன்னங்கால், சற்றுப் பின்னால் இன்னொன்று, அவற்றின்மேல் படிந்த மூக்கு என்று முறையாக வந்தது. யாரும் இழுக்கவில்லை. தொப்புள்கொடியையும் வெட்டவில்லை, தாய் எழும்போது அது தானாக அறுந்தது. அறுந்த இடத்தில் மட்டும் அயோடின் வைத்தார்கள்.

அதன்பிறகு நடப்பதெல்லாம் கணக்கு. ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். சீம்பால் கட்டாயம். தாயின் நோய் எதிர்ப்பாற்றல் கருவில் குட்டிக்குப் போவதில்லை, முதல் நாள் பாலில்தான் போகிறது. விழுந்த நஞ்சுக்கொடியைச் சாயிஸ் தரையில் விரித்து, இரண்டு முனையும் முழுசாக இருக்கின்றனவா என்று லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் சீழ்பிடித்துக் காய்ச்சல் கண்டு, குளம்பு வெந்து, பெட்டையையே இழக்க நேரும். எல்லாம் சரி என்றதும் தாதீசா, அதாவது வீட்டுப் பாட்டி, வெல்லமும் ஓமமும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிய கோதுமைக் கஞ்சியைத் தன் கையால் கொண்டுவந்து வைத்தார். ஈன்ற பெட்டைக்கு அந்த வீட்டில் பிள்ளை பெற்ற மகளுக்குரிய உபசாரம்.

விடிந்ததும் தாதோசா குட்டியைப் பார்த்தார். காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பது முதல் பார்வை. மார்வாரியின் அடையாளமே அந்தக் காதுதான். அடுத்தது சுழி. நெற்றியில், கழுத்தில், மார்பில், குளம்புக்கு மேலே என்று விரலை வைத்து நிதானமாகத் தேடினார். கழுத்தில் விழும் தேவமன் சுழி வீட்டுக்கு நல்லது. கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வாங்க ஆள் வரமாட்டார்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை பார்க்கும் நம்மூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் சுழி சுத்தமா என்ற கேள்விதான் விலைக்கு முன்னால் வரும். மார்வாரிக் குதிரைகளும் கத்தியவாரிக் குதிரைகளும் வந்து நிற்கும் அந்தச் சந்தையை நினைவில் வைத்தே நான் தாதோசாவின் விரல்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பிறந்தது பெண்குட்டி. வீட்டில் வெல்லம் பங்கிட்டார்கள். ஆண்குட்டிக்கும் வெல்லம் உண்டா என்று கேட்டேன். பேரன் சொன்னார்: "உண்டு அண்ணா. ஆனா ஆண்குட்டி சந்தைக்குப் போறது. பொண்ணு வீட்டுல நிக்கிறது."

அந்த ஒரு வரியில் இந்தத் தொழிலின் முதுகெலும்பு இருக்கிறது.

மார்வாரிக் குதிரையின் வரலாற்றை எழுதுபவர்கள் போர்க்களத்திலிருந்து தொடங்குகிறார்கள். 1576இல் ஹல்தி காட்டிப் போரில் ராணா பிரதாபைச் சுமந்த சேத்தக், 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவில் மேஜர் தல்பத் சிங் தலைமையில் பாய்ந்த ஜோத்பூர் குதிரைப்படை என்று அது நீளும். அடுத்து வீழ்ச்சி. 1952ஆம் ஆண்டின் ஜாகீர் ஒழிப்புச் சட்டத்தோடு நிலவுடைமையாளர்களின் லாயங்கள் கலைந்தன. குதிரைகள் வந்த விலைக்குப் போயின, வண்டியில் பூட்டப்பட்டன, நலமடிக்கப்பட்டன. பிறகு ஜோத்பூர் அரச குடும்பத்து கஜ் சிங் போன்றவர்களின் முயற்சியால் மீட்பு. இவை அனைத்தும் உண்மை. ஆனால் மீட்க ஏதாவது மிஞ்சியிருந்தால்தானே மீட்க முடியும்? லாயங்கள் கலைந்த அந்த ஆண்டுகளில் இதுபோன்ற வீடுகள் ஒன்றோ இரண்டோ பெட்டைகளைக் கொல்லையில் கட்டிவைத்திருந்தன. சவாரி செய்ய யாருமில்லை, போர் இல்லை, வருமானமும் இல்லை. ஆனாலும் கம்பும் வைக்கோலும் போட்டார்கள். தாதோசாவின் அம்மா தன் வெள்ளிக் காப்பை விற்றுக் கொண்டைக்கடலை வாங்கியதாக வீட்டில் சொல்கிறார்கள். இன்று கொட்டிலில் நிற்கும் ஏழு பெட்டைகளும் அப்போது காப்பாற்றப்பட்ட ஒரே பெட்டையின் வழிவந்தவை.

பங்குனித் தேய்பிறை ஏகாதசியில் தொடங்கி, லூனி ஆற்று மணலில் தில்வாடா சந்தை கூடுகிறது. மல்லிநாத் பெயரால் பதினைந்து நாள் நடக்கும் மேளா. ஆற்றின் இந்தப் பகுதியில் நீர் உவர்ப்புதான் என்றாலும், மேளா நாட்களில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் என்பது மக்கள் நம்பிக்கை. ஒட்டகமும் காளையும் ஒருபுறம் நிற்க, குதிரைக்காரர்கள் மறுபுறம் கூடாரம் போடுகிறார்கள். இரண்டு வயது ஆண்குட்டிகளை இந்த வீடு அங்கேதான் விற்கிறது. வாங்க வருபவர் காதைப் பார்ப்பார், பல்லைப் பிடித்து வயது பார்ப்பார், பிறகு ரேவால் நடை போடவைக்கச் சொல்வார். மேலே இருப்பவரின் கையிலுள்ள தண்ணீர் சிந்தாது என்று பெருமை பேசும் நடை அது. நெடுந்தூரப் பாலை வழிக்காக இந்த இனம் தலைமுறை தலைமுறையாகப் பெற்றது.

சந்தை முடிந்ததும் கோடை. வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். லூ என்கிற அனல்காற்று மதியம் முழுக்க வீசும். கொட்டிலின் கூரை கம்புத் தட்டையால் வேயப்பட்டது, சுற்றிலும் வன்னி மரங்கள். விடிவதற்கு வெகு முன்பே தீனி வைத்து, வெயிலுக்கு முன் நடத்திக்கொண்டுவந்து கட்டிவிடுகிறார்கள். தீனியை ஒருபோதும் தரையில் போடுவதில்லை, தொட்டியில்தான். மணலோடு சேர்த்துத் தின்றால் அது குடலில் தங்கி வலி கண்டுவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. போனது ஒரே வழியில்தான் வெளியேற வேண்டும். பாலைநிலத்தில் வயிற்றுவலிதான் பெரிய எமன் என்று சாயிஸ் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

இதே நாட்களில் கால்நடை மருத்துவர் சினை பார்க்க வருகிறார். சேர்த்த 14, 15ஆம் நாளில் ஸ்கேன். இரட்டைக் கரு தெரிந்தால் ஒன்றை அப்போதே அழுத்திக் கரைத்துவிடுகிறார்கள். குதிரையின் கருப்பை இரண்டைத் தாங்காது. விட்டுவைத்தால் பெரும்பாலும் இரண்டுமே போகும், சிலசமயம் தாயும் போகும். ஈன்ற ஒன்பதாம் நாளையொட்டி வரும் முதல் பருவத்திலேயே சேர்த்துவிடுவது பழைய வழக்கம். கருப்பை ஆற நேரம் வேண்டும் என்று பேரன் அடுத்த பருவத்துக்கு, ஏறத்தாழ மூன்று வாரம், காத்திருக்கச் சொல்கிறார். தாதோசா முதலில் இணங்கவில்லை. சினை நிற்பது கூடியதைப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டார்.

ஆனி, ஆடியில் மழை வந்தால் நிலம் ஒரே வாரத்தில் பச்சை கட்டுகிறது. கம்பும் பாசிப்பயறும் விதைக்கிறார்கள். சேவண் புல் தளிர்க்கிறது. பாலைவனத்தின் மிகச் சிறந்த மேய்ச்சல் அதுதான். பெட்டைகளும் குட்டிகளும் கட்டின்றித் திரிவது இந்த இரண்டு மாதம் மட்டுமே. ஆனால் மழையோடு குதிரை ஈயும் வருகிறது. அது கடிக்கும்போது சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோயைக் கொண்டுவருகிறது. காய்ச்சல் விட்டுவிட்டு வரும், வயிற்றடியில் நீர் கோக்கும், குதிரை நாளுக்குநாள் வற்றும். மாலையில் வேப்பிலைப் புகை போடுவது பாட்டனார் முறை. சந்தேகம் வந்தால் இரத்த மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவது பேரன் முறை. இரண்டும் ஒரே கொட்டிலில் நடக்கின்றன.

நவராத்திரிக்கு முன்பின்னாகக் குட்டிகளைப் பால் மறக்கடிக்கிறார்கள். அப்போது அவற்றுக்கு ஆறு மாதம். குட்டியை ஒரு வயதான பெட்டையின் துணையோடு மறு கொட்டிலுக்கு மாற்றுவார்கள். இரண்டு இரவு தாயும் குட்டியும் மாறிமாறிக் கனைக்கும். அந்த இரவுகளில் வீட்டுப் பெண்கள் குட்டிகளோடு உட்கார்ந்து, கழுத்தைத் தடவி, கையால் கடலை ஊட்டுகிறார்கள். மார்வாரி முரட்டுக் குதிரை என்ற பேச்சு உண்டு. அந்த வீட்டில் முரட்டுக் குதிரையை நான் பார்க்கவில்லை. கயிறு போடுவதற்கு முன்பே மனிதக் கையை அறிந்த குட்டிகள் அவை. பெண்களின் இந்த உழைப்பு எந்தக் குதிரைப் புத்தகத்திலும் பதிவாவதில்லை. விஜயதசமியன்று குதிரைகளைக் குளிப்பாட்டி, நெற்றியில் திலகமிட்டு, ஆரத்தி எடுப்பதும் அவர்கள்தான்.

பிறகு குளிர்காலம். குதிரை மசாலும் பச்சை ஓட்ஸும் கிடைக்கும் காலம், மூன்று வயதானவற்றுக்குச் சேணம் பழக்கும் காலம். திருமண காலமும் அதுவே, இந்த வீட்டுக்குச் சோதனையும் அதுவே. மாப்பிள்ளை பெட்டைக்குதிரைமேல் ஏறி ஊர்வலம் போவது வடக்கே வழக்கம். வெள்ளை நிறமும் இளஞ்சிவப்புத் தோலும் கொண்ட நுக்ராவுக்கு அங்கே ஏக கிராக்கி. மேளத்துக்கு ஆடும் பெட்டை என்றால் கேட்ட விலை. நிறத்துக்காக மட்டும் இணைசேர்க்கும் கொட்டில்கள் பெருகிவிட்டன. பாலை வெயிலில் இளஞ்சிவப்புத் தோல் வெந்து புண்ணாகிறது, கண் கூசுகிறது. ஆட்டத்தை அடித்துப் பழக்கும் இடங்களும் உண்டு. நடை, மூச்சு, குணம் என்று மார்வாரியை மார்வாரியாக்கிய எதையும் அந்தச் சந்தை கேட்பதில்லை.

நான் இருந்தபோதே ஒரு வியாபாரி வந்தார். அந்தச் செங்கருப்புப் பெட்டையைக் கேட்டார். சொன்ன தொகையில் வீட்டுக்குப் புதுக் கிணறு வெட்டலாம். தாதோசா டீ கொடுத்து அனுப்பிவைத்தார். பேரன் அன்றிரவு கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். ஒரு பெட்டைக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு கிலோ தானியம், அதன்மேல் புல், மருந்து, சாயிஸ் சம்பளம். ஒரு குட்டி விற்கத் தகுதியாக மூன்று ஆண்டுப் பாடு. அவருக்குக் குழப்பம் இருந்தது. மறுக்க வேண்டும் என்பதில் மட்டும் குழப்பம் இல்லை.

இந்தியாவில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6.2 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் 3.4 லட்சமாகிவிட்டன. அந்தச் சரிவுக்கு நடுவே நடக்கும் அறிவியல் முயற்சிகள் நம்பிக்கை தருகின்றன. தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில் 2023இல் கரு மாற்று முறையில் ஒரு மார்வாரிக் குட்டி பிறந்தது. ராஜ் பிரதம் என்று பெயர். நல்ல பெட்டையின் கருவை வேறொரு தாய் சுமக்க முடியுமென்றால், ஆண்டுக்கு ஒன்று என்ற எல்லை உடையும். ஆனால் அந்த நல்ல பெட்டை எங்கேயாவது ஒரு கொட்டிலில், ஒரு குடும்பத்தின் செலவில் நின்றாக வேண்டும். பொலிக்குதிரைக்குப் பரிசும் புகைப்படமும் சேர்க்கைக் கட்டணமும் உண்டு. பெட்டையை வைத்திருப்பவருக்கு எதுவும் இல்லை. தீவனத்துக்கு உதவி, கிராமத்துக்கே வரும் ஸ்கேன் வசதி, தாய்வழியையும் எழுதும் பதிவேடு ஆகிய மூன்றும் இந்த வீடுகளுக்கு எட்ட வேண்டும். இனத்தைக் காப்பது என்பதன் பொருள் இதுதான்.

வாங்குபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து மார்வாரி வாங்கப் போகிறவர்கள் சுழியும் உயரமும் நிறமும் பார்ப்பதோடு, தாய் யார், அது எந்த வீட்டில் நிற்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குச் சந்தையில் விலை ஏறினால், பெட்டையை விற்காமல் வைத்திருப்பது பேரனின் கணக்கு நோட்டிலும் நியாயமாகும்.