சிவப்புக் காற்சட்டையும் சாம்பல் காற்சட்டையும்

பெருவிரலளவேயான பிளாஸ்ரிக் குதிரைவீரருக்கு வர்ணந்தீட்டுவது பல்கலைக்கழக மாணவர் செய்யத்தக்க காரியந்தானா என வினவுவோர் உளர். நெப்போலியன் காலத்துப் போர்களை மேசைமீது விதிகளுக்கமைய, தாயக்கட்டை உருட்டி நடத்தும் விளையாட்டுக்கென வார்க்கப்பட்ட உருவங்கள் இவை. எனக்கோ விளையாட்டிலும் பார்க்க வர்ணந்தீட்டுதலே பெருவிருப்பு. உண்மை அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கான பன்னிரண்டு பிரெஞ்சு ஹுசார்கள் என் மேசையில் நிற்கின்றனர்.

ஹுசார் என்போர் ஹங்கேரிய மரபில் தோன்றிய இலகு குதிரைப்படையினர். வேவு பார்த்தலும், தோற்றோடும் பகைவரைத் துரத்தலும் இவர்தம் தொழில். தூரிகை பிடிப்போரை இவர்களைப் போல் வதைப்போர் வேறிலர். மார்பெங்கும் குறுக்காக ஓடும் பின்னல், இடத்தோளில் தொங்கும் உரோமக் கரையிட்ட மேற்சட்டை, வாளோடு சேர்ந்தாடும் தோற்பை! படைப்பிரிவுதோறும் நிறமும் வேறு. ஏழாம் பிரிவினருக்கும் எட்டாம் பிரிவினருக்கும் பச்சைச் சட்டையும் சிவப்புக் காற்சட்டையும் பொது. பின்னல் மஞ்சளாயின் ஏழாம் பிரிவு, வெள்ளையாயின் எட்டாம் பிரிவு. குதிரைக்கும் இலக்கணம் உண்டு. கபிலக் குதிரையாயின் பிடரியும் வாலும் கால்களின் கீழ்ப்பாகமும் கறுப்பாதல் வேண்டும். எக்காளம் ஊதுவோனுக்கு வழக்கமாக வெண்ணிறக் குதிரை.

நான் தெரிவுசெய்தது ஏழாம் பிரிவு. 1806 ஒக்ரோபர் இறுதியில் லசால் என்னும் தளபதி, ஐந்தாம், ஏழாம் பிரிவு ஹுசார்களுடன் சென்று, ஸ்ரெற்றின் கோட்டையை வெறும் மிரட்டலினாலேயே சரணடையச் செய்தான். உள்ளே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிரஷ்யப் படையினர்; வெளியே அவர்களிற் சிறு பங்கினரே. அந்த லசாலும் 1809இல் வாக்ராம் களத்தில் மாண்டபோது அவனுக்கு வயது 34.

தூரிகை தயங்குவது இதன் பின்னர்தான். அக்காலத்தில் பாரிசில் மார்த்தினே வெளியிட்ட வர்ணப்படங்களில் ஹுசார்கள் மணக்கோலத்தில் நிற்பர். போர்ப்பயணத்திலோ அவர்கள் பெரிதும் அணிந்தது, பக்கங்களிற் பொத்தானும் உட்புறம் தோலும் வைத்துத் தைத்த சாம்பல்நிற நீள்காற்சட்டை. தொப்பிக்கு எண்ணெய்த்துணி உறை. குதிரைகளின் கதை இதனினும் கொடிது. 1812 ஜூனில் நெப்போலியன் நீமன் ஆற்றைக் கடந்து இரஷ்யாவினுட் புகுந்த முதற்சில வாரங்களிலேயே, பனிக்காலம் வருமுன்னரே, ஆயிரக்கணக்கான குதிரைகள் மடிந்தன. தீவனமின்றிப் பச்சைத் தானியப் பயிரை மேய்ந்து, வயிறுநொந்து வீழ்ந்தவை பல. பெட்டியில் எனக்குக் கிடைத்த குதிரைகளோ யாவும் கொழுத்தவை, யாவும் பாய்பவை. விலா எலும்பு தெரியவேண்டுமாயின் நிழலாகத் தீட்டித்தான் காட்டவேண்டும்.

விடுமுறையில் இவற்றை வீட்டுக்குக் கொண்டுசென்றபோது அம்மா சிறிதுநேரம் பார்த்திருந்துவிட்டு, "உதென்ன, வீட்டுக்குள்ளையும் ஆமிக்காரரோ?" என்றார். 2009 வரை யுத்தத்தினுள் வாழ்ந்தவரின் கேள்வி அது. இவர்கள் இருநூறாண்டுகளுக்கு முந்திய அந்நியர் என்று நான் கூறிய விடை அவருக்குப் போதவில்லை.

எங்கள் விதிப்படி ஓர் உருவம் இருபது மனிதரைக் குறிக்கும். வீழ்ந்ததைப் பெட்டியிலிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு மீண்டும் எடுக்கிறோம். ஆறு பேருக்குச் சிவப்புக் காற்சட்டை தீட்டியாயிற்று. எஞ்சிய அறுவருக்குச் சாம்பல் நிறம் குழைத்து வைத்திருக்கிறேன். ஒருவன் குதிரையின் விலாவில் முதலிரு நிழற்கோடுகளும் விழுந்துவிட்டன. ஒரே அணியில் இரு கோலமா என என்னோடு விளையாடும் நண்பர் முகஞ்சுளிக்கிறார். விதிப்புத்தகத்தில் அதற்குத் தடையேதும் இல்லை.