கட்டைவிரலும் ஆறு எண்களும்

போன மாதம் சிதம்பரத்தில் இருக்கும் என் தம்பி மகனை ஓர் அடிதடி விஷயமாக விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். அவன் அதில் வெறும் பார்வையாளன். "போனைக் கொடு, விரலை வை" என்றார்களாம். வைத்தான், திறந்துகொண்டது. அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். "பெரியப்பா, அதுல எங்க வீட்டுச் சண்டை எல்லாம் இருந்துச்சு" என்று கடலூரில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னபோது, அவன் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பதிவுத்துறையில் எழுத்தராக இருந்தவன் நான். பத்திரம் பதிய வருபவரின் இடது கட்டைவிரலை மையில் தொட்டு, பதிவேட்டில் உருட்டி எடுப்போம். அவர்களே உருட்டினால் இழுகிவிடும் என்று விரலை நாங்களே பிடித்துக்கொள்வோம். வந்தவர் வாய் திறக்கவே வேண்டியதில்லை.

சட்டமும் விரலை அப்படித்தான் பார்க்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3)ஆவது பிரிவு. ஆனால் ரேகை எடுப்பது சாட்சி சொல்வதாகாது என்று 1961லேயே, காத்தி காலு ஓகட் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. அன்று ரேகை ஆளை அடையாளம் காட்டியது, அவ்வளவுதான். இன்று அதே ரேகை பெட்டியையே திறந்துவிடுகிறது. 11 பேரில் யார் இதை நினைத்திருக்க முடியும்?

எண் பூட்டு வேறு. அது மனதுக்குள் இருக்கிறது, நாமே சொன்னால்தான் உண்டு. அதைக் கேட்பது சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதாகாது என்றது கர்நாடக உயர் நீதிமன்றம், 2021இல். ஆனால் போனைச் சோதிக்க முறைப்படி வாரண்ட் வேண்டும் என்றும் அது சொன்னது. மறு வருடமே தில்லியில் ஒரு சிபிஐ நீதிமன்றம், எண்ணைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்றது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். சுதந்திரம் என்ற சொல்லை முதலில் பிரெஞ்சில்தான் எழுதக் கற்றேன். அந்த நாட்டில் நிலைமை நம்மைவிடக் கடுமை. விசாரணையில் மறைகுறியீட்டின் திறவுகோலைத் தர மறுத்தால் 3 ஆண்டு வரை சிறை. போனின் பூட்டு எண்ணும் அதில் அடங்கக்கூடும் என்று 2022 நவம்பரில் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. படித்ததும் எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது, என்னமோ நானே எழுதிய தீர்ப்பு போல.

தம்பி மகன் போனில் விரலை எடுத்துவிட்டு எண் வைத்துக்கொண்டான். நானும் என் போனில் மாற்றிக்கொண்டேன். வயதாகித் தேய்ந்த ரேகை, எப்படியும் பத்துக்கு ஆறு முறை திறக்காது.

"உங்களுக்கு ஒண்ணுன்னா யாருங்க தொறக்கறது?" என்றாள் மனைவி. நியாயந்தான். பென்ஷன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆறு எண்களையும் பிரெஞ்சில், எழுத்தால் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது தினம் சாயங்காலம் அவளுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு வரை வந்திருக்கிறாள்.